நரிவெங்காயம்: இலைக்கு முன்னே பூ

பங்குனியில் முதல் கோடை மழை விழுந்த பிறகு ஒரு வாரம் பொறுங்கள். அதன்பின் ஒரு நாள் நான்கு மணிக்கு மேல், உங்கள் வீட்டுப் பக்கத்தில் கட்டடமும் ஏறாமல் டிராக்டரும் ஏறாமல் மிச்சமிருக்கும் செம்மண் மேடு ஏதாவது இருந்தால் அங்கே நடந்து போங்கள். புல் காய்ந்து கிடக்கும். சரளைக்கல் செருப்பைக் குத்தும். அந்த வெறும் தரையிலிருந்து, பக்கத்தில் ஓர் இலைகூட இல்லாமல், முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு மட்டும் யாரோ நட்டுவைத்த குச்சி போல நின்றால் அருகில் போய்க் குனியுங்கள். தண்டின் மேல்பாதியில் சின்னச் சின்னப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கினால் அது நரிவெங்காயம்.

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி என்றதும் பெங்களூர் சாலையும், சிப்காட் சங்குச் சத்தமும், ஷிப்ட் பேருந்துகளும்தான் நினைவுக்கு வரும். காட்டுப்பூவைத் தேட இதென்ன இடம் என்று கேட்காதீர்கள். ஆலைகள் வருமுன் இந்த மேட்டு நிலத்தில் கேழ்வரகுக் கொல்லைகளும் ஆடுமாடு மேய்ந்த கரடுகளும் இருந்தன. அந்தக் கரடுகள் முழுவதும் போய்விடவில்லை. கம்பெனிச் சுற்றுச்சுவருக்கு வெளியே, லேஅவுட் போட்டும் வீடு கட்டாத மனைகளில், பாறை இருப்பதால் யாரும் விலைக்குக் கேட்காத மூலைகளில் துண்டு துண்டாகக் கிடக்கின்றன.

நான் முதலில் பார்த்ததும் அப்படி ஒரு மூலையில்தான். மாலை ஷிப்ட் மாறும் நேரம். செல்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஆடு ஓட்டிவந்த பெரியம்மா ஒருவர் தூரத்திலேயே சத்தம் போட்டார்.

"தம்பி, அதத் தொடாத. நக்கவுல்லி அது, கை அரிக்கும்."

"திங்கிறதுங்களாம்மா?"

"ஆடே மோந்துட்டுப் போயிரும். மனுசன் தின்னா அவ்வளவுதான்."

இந்தச் செடியைப் பற்றிய முதல் பாடமும் முக்கியமான பாடமும் அதுவே.

தெலுங்கில் நக்க என்றால் நரி, உல்லிகட்ட என்றால் வெங்காயம். தமிழில் நரிவெங்காயம், தெலுங்கில் நக்கவுல்லி. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போனால் கன்னடத்தில் காடு ஈருள்ளி என்பார்கள். தமிழிலும் காட்டு வெங்காயம் என்ற பெயர் உண்டு. வடமொழி மருத்துவ நூல்களில் வனபலாண்டு. வழி கேட்கும்போது எதிரில் நிற்பவர் எந்த மொழிக்காரர் என்று பார்த்து அந்தப் பெயரைச் சொல்லுங்கள். படத்தைக் காட்டுவதைவிடப் பெயரைச் சொன்னால்தான் பெரியவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறது.

தாவரவியல் பெயர் டிரிமியா இண்டிகா. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நடத்திய வில்லியம் ராக்ஸ்பர்க் இதைச் சில்லா இண்டிகா என்று விவரித்தார். அந்த விவரம் உள்ள அவருடைய 'ஃப்ளோரா இண்டிகா' பதிப்பு அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1832இல் வெளிவந்தது. பின்னர் வந்தவர்கள் அர்ஜினியா இண்டிகா என்றார்கள். பழைய மருந்து நூல்களிலும் சித்த மருத்துவப் புத்தகங்களிலும் இந்த இரண்டாவது பெயரையே அதிகம் பார்ப்பீர்கள். 1977இல்தான் டிரிமியா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். டிரிமியா என்பது காரமான, உறைக்கிற என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கிழங்கின் சாறு தோலில் பட்டால் அந்தப் பொருத்தம் புரியும். சாற்றுக்குள் ஊசி போன்ற கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் இருக்கின்றன. அரிப்புக்குக் காரணம் அவை.

வெங்காயம் அல்லாத வெங்காயம்

கிழங்கைப் பார்த்தால் வெங்காயம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் அகலம், அடுக்கடுக்காக வெள்ளைத் தோல், மேலே காய்ந்த சருகு. ஆனால் உறவு தூரம். நாம் சாம்பாருக்கு உரிக்கும் வெங்காயமும் பூண்டும் அல்லியம் என்ற பேரினம். நரிவெங்காயத்தை இப்போது தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். நிஜமான காட்டு வெங்காயங்கள் இந்தியாவில் பெரும்பாலும் இமயமலைப் பக்கம்தான் உண்டு. அங்கே அவை தாளிக்கவும் உதவுகின்றன. 2021இல்கூட உத்தராகண்டின் நீத்திப் பள்ளத்தாக்கிலிருந்து அல்லியம் நேகியானம் என்ற புதிய வெங்காய இனம் ஒன்று விவரிக்கப்பட்டது. வெங்காய இனங்களைத் தேடிச் சேகரித்த குல்தீப் சிங் நேகியின் நினைவாக அந்தப் பெயர். அது 3,000 மீட்டருக்கு மேலே புல்வெளிகளிலும் ஆற்றோர மணலிலும் வளர்வது. ஏறக்குறைய 900 மீட்டரில் இருக்கிற நம் ஓசூரில் காட்டில் கிடைக்கும் வெங்காயம் எதுவானாலும் அது சமையலுக்கு ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேறுபாடு கண்டுபிடிக்க மூக்கும் கண்ணும் போதும். தற்செயலாக ஒடிந்து கிடக்கும் இலையைக் காகிதத்தில் எடுத்து முகருங்கள். வெங்காய இனமானால் அந்தக் காரநெடி தப்பாமல் வரும். நரிவெங்காயத்தில் வெங்காய வாசனை கிடையாது. பூவிலும் வித்தியாசம் தெளிவு. வெங்காயத்தாளின் நுனியில் பூக்கள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து பிரிந்து பந்து மாதிரி திரண்டிருக்கும். நரிவெங்காயத்தில் தண்டின் நெடுகே ஒவ்வொன்றாக, தனித்தனிக் காம்பில், இடைவெளி விட்டு இருக்கும். கீழே இருப்பது முதலில் மலரும், பிறகு அதற்கு மேலே உள்ளது.

பூவுக்குப் பகட்டு இல்லை. ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், மங்கலான வெள்ளையில் பச்சையோ பழுப்போ கலந்த நிறம், ஒவ்வொரு இதழின் நடுவிலும் ஓர் அடர்ந்த கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த புல்லோடு கலந்துவிடும். ஒரு பூ ஒரு நாள்கூட முழுதாக நிற்பதில்லை. நீங்கள் போன நேரத்தில் விரிந்த பூ இல்லை என்றால் மறுநாள் வேறு நேரத்தில் போங்கள். தண்டு வாரக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும், அவசரமில்லை.

ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் டிரிமியா இனங்கள் பல இருக்கின்றன. இலையை மட்டும் பார்த்து அவற்றைப் பிரிக்க முடியாது. பூ விரிந்திருக்கும் நிலை, விதை, தண்டின் உயரம் எல்லாம் வேண்டும். ஆடி மாதத்து இலையைப் படமெடுத்து இனப்பெயரை எழுதிவிடாதீர்கள். இலைக் காலத்தில் லெடிபூரியா என்ற சிறு செடியும் இதே பாறை ஓரங்களில் இருக்கும். அதன் இலை அகலமானது, ஊதாப் புள்ளிகள் தெறித்திருக்கும். ஓடைக்கரையில் பெரிய வெள்ளைப் பூவோடு நிற்கும் விஷமூங்கில் வகைகள் அளவிலேயே வேறு. செங்காந்தளின் கிழங்கு கலப்பை வடிவில் இருக்கும், அடுக்குத்தோல் இராது.

மண்ணுக்கடியில் ஓர் ஆண்டு

இந்தச் செடியின் ஆண்டுக் கணக்கைப் புரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பது தானாக விளங்கும்.

மழைக்காலம் அதற்குச் சம்பாதிக்கும் காலம். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பட்டையான நீண்ட இலைகள் தரையிலிருந்து கொத்தாகக் கிளம்பும். பூத்தண்டு அதற்குள் காய்ந்து விழுந்திருக்கும். ஓசூர் வட்டாரத்தில் ஆவணி தொடங்கி ஐப்பசி வரை நல்ல மழை கிடைப்பதால் இலைகள் மாதக்கணக்கில் பச்சையாக இருந்து சர்க்கரையைச் செய்து கிழங்குக்குள் இறக்குகின்றன. மார்கழிப் பனியில் மஞ்சளாகி, தையில் சருகாகி, மாசியில் தடயமே இல்லாமல் போய்விடும். அப்போது அந்த இடத்தைப் பார்ப்பவர் வெறும் மண் என்றுதான் நினைப்பார். மனை விற்பவர், மண் அள்ளுபவர், மரம் நடும் நல்ல மனசுக்காரர் எல்லோரும் வந்து நிற்பது இந்த மாதங்களில்தான்.

பிறகு கோடை. மற்ற செடிகள் தண்ணீருக்கு ஏங்கும்போது இது சேமிப்பை எடுத்துப் பூத்தண்டை அனுப்புகிறது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. சித்திரையில் புல் உயர்ந்திராது, பூவை மறைக்க எதுவும் இல்லை, தேடிவரும் பூச்சிக்கு நேர்வழி. வைகாசிக்குள் காய் முற்றி மூன்றாக வெடிக்கும். உள்ளே காகிதம் போல் தட்டையான கறுத்த விதைகள். வைகாசி ஆனிக் காற்று அவற்றைச் சிதறடிக்கும்போது அடுத்த மழை வாசலில் நிற்கும். பருவமழையை நம்பி வாழ்கிற மானாவாரி விவசாயியின் கணக்கும் இதுவும் ஒன்றுதான்: சேர்க்க வேண்டிய காலத்தில் சேர்த்து, விதைக்க வேண்டிய காலத்தில் விதைப்பது.

மத்தியதரைக் கடல் நாடுகளில் இதன் பெரிய உறவான கடல் நரிவெங்காயம் வளர்கிறது. அதுவும் இலை இல்லாமல்தான் பூக்கும். அங்கே கோடைதான் வறட்சி, மழை குளிர்காலத்தில். ஆகையால் அது கோடை முடியும் தறுவாயில் பூக்கிறது. கிரேக்கத்தில் கிரீட் தீவுக்காரர்கள் அந்தக் கிழங்கைப் புத்தாண்டுக்கு வீட்டு வாசலில் தொங்கவிடுவார்கள். பிடுங்கிய பிறகும் துளிர்ப்பதால் அதற்கு உயிர் கெட்டி என்ற நம்பிக்கை. நம் வீடுகளில் ஆகாசகருடன் கிழங்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதும் அதே காரணத்துக்குத்தானே. மண்ணில்லாமல் துளிர்க்கும் கிழங்கைப் பார்த்து இரு நாட்டுப் பாட்டிமார்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

எங்கே தேடுவது

தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். அது ஒன்றுதான் இந்தச் செடியின் கண்டிப்பு. நமக்குக் கீழே கிடப்பது பல கோடி ஆண்டுப் பழைய பாறை. அது உடைந்து உதிர்ந்ததுதான் ஓசூரின் சரளை கலந்த செம்மண். பாறை தரைமட்டத்துக்கு வரும் இடங்களில் அதன் ஓரத்தில் ஒரு சாண் இரண்டு சாண் ஆழத்துக்கு மண் சேர்ந்திருக்கும். பெய்யும்போது நனைந்து, நின்றதும் வடிந்துவிடும். உழவுக்கு உதவாத அந்த விளிம்பு நரிவெங்காயத்துக்கு நல்ல இடம். ஏரிக்குள் தேட வேண்டாம், கரைக்கு வெளியே உள்ள மேட்டில் தேடுங்கள். யூகலிப்டஸ் தோப்புக்கு உள்ளேயும் உண்ணிச்செடிப் புதருக்கு அடியிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். வெயில் படும் திறந்த வெளிதான் இதற்குப் பிடிக்கும்.

ஆடு மேயும் இடத்தை ஒதுக்காதீர்கள். பலரும் செய்யும் தவறு இது. ஆடு மற்றதைக் கடித்து இதை விட்டுவிடுவதால், மேய்ச்சல் தரையில் இதற்குப் போட்டி குறைவு. ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணையின் புல்வெளி போன்ற நிலப்பரப்பை வேலிக்கு வெளியே நின்று ஒருமுறை பாருங்கள். இந்த வட்டாரத்து மேடுகள் முன்பு எப்படித் திறந்து கிடந்திருக்கும் என்று கண்ணுக்குப் பிடிபடும். அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி, இராயக்கோட்டைப் பக்கம் பாறைக்குன்றுகளும் முட்புதர்க் காடுகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி காப்புக்காடு. அஞ்செட்டி பக்கத்துக் காடுகள் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தோடு சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம். அதைவிட முக்கியம், அது யானை நடமாடும் காடு. ஓசூருக்கு அருகிலேயே இருக்கும் சானமாவுக் காட்டுக்கு மழை முடிந்த மாதங்களில் யானைக் கூட்டம் வந்து தங்குவது நாளிதழ் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். பூவுக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். சாலையோரக் கரட்டிலும் கோயில் குன்றுகளின் அடிவாரத்திலும் நின்று தேடினாலே போதும். அங்கேயும் கணுக்கால் மூடும் காலணி வேண்டும். சரளை மண்ணில் சுருட்டைவிரியன் அசையாமல் படுத்திருக்கும். கல்லைப் புரட்டாதீர்கள், குனியுமுன் கால்மாட்டைப் பாருங்கள்.

நான் பார்த்த இடங்களின் பெயரை இங்கே எழுதவில்லை. கிழங்குக்கு மருந்துச் சந்தையில் விலை உண்டு. இடம் அச்சில் ஏறினால் அடுத்த மாசியில் அங்கே குழிகள்தான் இருக்கும். நீங்களும் படத்தை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றினால் இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். தேதியை மட்டும் தவறாமல் எழுதுங்கள். முதல் மழை எந்தத் தேதியில் பெய்தது, முதல் பூ எந்தத் தேதியில் விரிந்தது, எந்தப் பூச்சி எத்தனை மணிக்கு வந்தது. ஐந்தாண்டு இப்படிக் குறித்தால் அது உங்கள் ஊருக்குச் சொந்தமான அறிவு. படமெடுக்கும்போது பூவுக்குப் பின்னால் கறுப்புத் துணியோ டிபன்பை உட்புறமோ பிடித்தால் மங்கல் நிறம் எடுப்பாகத் தெரியும். தண்டு, ஒற்றைப் பூ, காய், தரை என நான்கு படம் வேண்டும். தரையைப் படமெடுப்பதை எல்லோரும் மறக்கிறார்கள். பூவைவிட அந்தப் படம்தான் இந்தச் செடி எங்கே வாழ்கிறது என்று சொல்லும்.

நஞ்சு

இதில் சமரசம் கிடையாது. நரிவெங்காயத்தின் கிழங்கில் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் இருக்கின்றன. அரளி விதை ஆளை எப்படிக் கொல்கிறதோ, அதே வழியில் இதுவும் வேலை செய்கிறது: இதயத் தசையின் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி இறைக்கும் பம்பை நிறுத்துகிறது. சிறு அளவில் துடிப்பை வலுப்படுத்தும், கொஞ்சம் கூடினால் துடிப்பே தாறுமாறாகும். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அவ்வளவு குறுகல். கடல் நரிவெங்காயத்தின் சிவப்பு வகையை ஐரோப்பாவில் எலி மருந்தாகவே விற்றார்கள். அதே இனத்தின் சாற்றை இருமல் மருந்திலும் சேர்த்தார்கள். இரண்டும் ஒரே செடியிலிருந்து வந்தவை.

நம் ஊரில் கிழங்கைச் சுட்டுக் கால் ஆணிக்கு வைத்துக் கட்டுவது நெடுநாள் பழக்கம். சித்த மருத்துவத்திலும் இதற்கு இடமுண்டு. அந்த மருத்துவம் தெரிந்தவர்கள் அளவும் பக்குவமும் அறிந்து செய்வது அது. நாம் செல்பேசியில் ஒரு காணொளி பார்த்துவிட்டு அரைத்துக் குடிப்பதற்கு உரியதல்ல. வெளிமாநிலத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நம் மண்ணின் செடிகள் பழக்கமில்லை. அஸ்திவாரம் தோண்டும் இடத்தில் வெங்காயம் போல ஒன்று கிடைத்தால் சமையலுக்கு எடுத்துப்போகும் அபாயம் நிஜமானது. மேஸ்திரிகளும் கான்ட்ராக்டர்களும் அவர்களுடைய மொழியில் சொல்லிவையுங்கள். இந்தியில் ஜங்கிலி பியாஜ் என்றால் புரியும். சாப்பிடக் கூடாது, ஜஹர், நஞ்சு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

யாராவது தின்றுவிட்டால் முதலில் குமட்டலும் வாந்தியும் வரும். பிறகு நாடி மெதுவாகும், தவறித் தவறித் துடிக்கும். வாந்தி எடுத்துவிட்டதே, சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். உப்புத்தண்ணீர், மோர், எண்ணெய் எதுவும் கொடுக்க வேண்டாம். 108க்கு அழையுங்கள். மிச்சமிருக்கும் கிழங்கை ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். அரளி மாதிரி இதயத்தைத் தாக்கும் நஞ்சு என்று மருத்துவரிடம் சொன்னால் அவர் உடனே ஈசிஜி பார்ப்பார். இழந்த நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது.

மண்வெட்டி வருமுன்

இந்தச் செடிக்கு ஆடும் வெயிலும் எதிரி அல்ல. ரோட்டாவேட்டர் எதிரி, ஜேசிபி எதிரி. கிழங்கு பல ஆண்டு உழைத்துச் சேர்த்தது, ஒரு வாளி மண்ணோடு லாரியில் ஏறிவிடுகிறது. அரசுக் கணக்கில் இந்த நிலங்களுக்குத் தரிசு, புறம்போக்கு என்று பெயர். வரி தராத நிலம் என்பதுதான் அதன் பொருள். உயிர் இல்லாத நிலம் என்று பொருளல்ல. பசுமை என்ற பெயரில் அங்கே நெருக்கமாக மரக்கன்று நடுவதும் இதற்கு ஆபத்துதான், நிழல் விழுந்தால் சில ஆண்டுகளில் ஒதுங்கிப் போய்விடும். மரம் நடுபவர்களிடம் சண்டை போட வேண்டாம். பங்குனியில் ஒருமுறை கூட்டிப்போய்ப் பூவைக் காட்டுங்கள், பாறை விளிம்பை மட்டும் விட்டுவிட்டு நடும்படி கேளுங்கள்.

காட்டிலிருந்து கிழங்கைப் பிடுங்கித் தோட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். வீடு கட்டும் மனையில் இருந்தால் அது வேறு. அங்கே அதற்கு வேறு கதி இல்லை. மனைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கையுறை போட்டு, இலை முழுதும் காய்ந்த தை, மாசியில் எடுங்கள். எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில், அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியில், முக்கால் பங்கு சரளையும் மணலும் கலந்து நடுங்கள். உரம் வேண்டாம். கோடையில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். முதல் மழை தானாக நனைக்கட்டும். குழந்தைகளும் வளர்ப்பு நாயும் எட்டாத மாடியில் வையுங்கள். தொட்டியில் நரிவெங்காயம், நஞ்சு என்று அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். முதல் ஆண்டு பூக்காமல் போனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், இலை வந்தால் கிழங்கு உயிரோடு இருக்கிறது.